ஆன்லைனில் பல்கலைக்கழக இயற்பியல் தொடங்குகிறவர்களுக்கு: டெல்டா பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இருந்துகொண்டு ஸ்வயம், என்பிடெல் என்ற இணையக் கல்வித் திட்டங்கள் வழியாக இயற்பியல் பாடம் ஒன்றைப் படிக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பி.எஸ்சி. மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று எல்லாரையும் மனத்தில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்வயம், என்பிடெல் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. என்பிடெல் மூத்தது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியவை அந்தப் பாடங்கள். ஸ்வயம் 2017இல் மத்திய அரசு தொடங்கிய பொதுத்தளம். என்பிடெல் பாடங்களை இப்போது அதில்தான் படிக்கிறோம். பாடத்தில் சேரக் கட்டணம் கிடையாது. சான்றிதழ் வேண்டும் என்பவர் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டினால் போதும்.

இது ஒரு தாளுக்கான படிப்புதான், பட்டம் அல்ல. பி.எஸ்சி. பட்டமே வேண்டுமென்றால் இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும். அங்கே ஆய்வக வகுப்புக்கு நேரில் போக வேண்டியிருக்கும். அது வேறு கணக்கு.

ப்ளஸ் டூ இயற்பியல் நன்றாகத் தெரியும். இதில் புதிதாக என்ன இருக்கிறது?

தலைப்புகளைப் பார்த்தால் புதிதாக ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும். நியூட்டன் விதி, உந்தம், ஆற்றல், அலைவு என்று எல்லாம் பழைய பெயர்கள்தான். ஆனால் கேள்வி மாறிவிடும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் 216 அடி, அதாவது ஏறக்குறைய 66 மீட்டர். அந்த உயரத்திலிருந்து ஒரு கல் விழுந்தால் தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? பள்ளிச் சூத்திரத்தில் போட்டால் சுமார் 3.7 வினாடி, தொடும்போது வேகம் வினாடிக்கு 36 மீட்டர். சரி, கல்லுக்குப் பதிலாக ஒரு இலவம்பஞ்சுத் துணுக்கு விழுந்தால்? இங்கே அந்தச் சூத்திரம் உதவாது. காற்றின் தடை வேகத்தோடு சேர்ந்து மாறுகிறது, அதனால் முடுக்கமும் நொடிக்கு நொடி மாறுகிறது. முடுக்கம் மாறாமல் இருக்கும்போது மட்டுமே அந்தச் சூத்திரம் செல்லும் என்பதை பள்ளிப் புத்தகமும் சொல்லியிருக்கும், நாம்தான் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்போம். பல்கலைக்கழகப் பாடத்தில் விசை எது என்று எழுதி, அதிலிருந்து ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டை (மாறும் வீதத்தைச் சொல்லும் சமன்பாட்டை) உண்டாக்கி, அதை நாமே தீர்க்க வேண்டும். சூத்திரம் கையில் கொடுக்கப்படுவதில்லை, கடைசியில்தான் கிடைக்கிறது.

நீட் பயிற்சியில் ஒரு நிமிடத்துக்கு ஒரு கேள்வி போட்டுப் பழகியவர்களுக்கு முதல் மூன்று வாரம் இதனால்தான் எரிச்சலாக இருக்கும். ஒரு கணக்குக்கு முக்கால் மணி நேரம் ஆவது இங்கே சாதாரணம்.

கணிதம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், கேட்க வேண்டியதும் இதைத்தான். முக்கோணவியல், வெக்டர், வகையீடு, எளிய தொகையீடு, மடக்கை, அடுக்குக்குறிச் சார்பு. முதல் பாடத்துக்கு இவ்வளவு போதும். எல்லாம் தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் இருக்கிறது: முதல் தொகுதியில் முக்கோணவியல், இரண்டாம் தொகுதியில் வெக்டர் இயற்கணிதமும் வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும். இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், தமிழ் வழியிலும் கிடைக்கும்.

வகையீடு என்றாலே பயம் என்பவர்களுக்கு நான் மேட்டூர்க் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். ஜூன் பிறந்தால் நம் ஊர் டீக்கடையில் எல்லாரும் பேசுவதுதானே: மட்டம் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு? அணை நிரம்பினால் 120 அடி, அப்போது இருப்பு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). வரத்து வினாடிக்கு 20,000 கன அடி, திறப்பு 10,000 கன அடி என்றால், இருப்பு வினாடிக்கு 10,000 கன அடி வீதம் கூடுகிறது. அந்த வீதம்தான் இருப்பின் வகைக்கெழு. ஒரு நாளைக்கு 86,400 வினாடி, ஆகவே ஒரு நாளில் 86.4 கோடி கன அடி, அதாவது 0.864 டி.எம்.சி. சேரும். வீதத்திலிருந்து மொத்தத்துக்குப் போனோம் அல்லவா, அது தொகையீடு. வரத்து மணிக்கு மணி மாறினால் ஒரே பெருக்கலில் முடியாது. நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் பெருக்கி, கூட்ட வேண்டும்.

இன்னும் ஒரு படி போகலாம். அதே நிகர வரத்துதான், ஆனாலும் மட்டம் 50 அடியில் இருக்கும்போது ஏறுகிற வேகத்தில் 110 அடிக்கு மேல் ஏறுவதில்லை. ஏன்? மேலே போகப் போக நீர்ப்பரப்பு விரிகிறது. இருப்பு கூடும் வீதத்தை அந்த உயரத்தில் உள்ள நீர்ப்பரப்பால் வகுத்தால்தான் மட்டம் ஏறும் வீதம் வரும். புத்தகத்தில் சங்கிலி விதி என்று வருவது இதுதான். இது புரிந்தவருக்கு முதல் பாடத்தின் கணிதம் எட்டாத ஒன்றல்ல.

பதினொன்றாம் வகுப்பில் கணிதம் இல்லாத பிரிவில் படித்தவர்கள்? முடியும். ஆனால் பாடம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே அந்த இரண்டாம் தொகுதியை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். பாடம் நடக்கும்போது கூடவே கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தால் நான்காவது வாரத்தில் மூச்சு முட்டும்.

முதல் பாடமாக எதை எடுப்பது? குவாண்டம் இயற்பியல் எடுக்கலாமா?

ஆசை புரிகிறது. ஆனால் வேண்டாம். முதலில் இயக்கவியல், இல்லையென்றால் அலைவுகளும் அலைகளும். குவாண்டம் பாடத்தில் இரண்டாம் வாரமே அலைச் சமன்பாடு வந்து நிற்கும். அலையைப் பார்த்துப் பழகாதவருக்கு அது வெறும் குறியீடுகளாகத்தான் தெரியும்.

எனக்கு அலைகள் பாடத்தின் மேல் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு, மறைக்கவில்லை. நம் ஊரில் அதற்குக் கண்ணெதிரே ஆய்வகம் இருக்கிறது. சீராக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டினால் அடிப்படைச் சுரத்தோடு கூடவே எழும் மேற்சுரங்கள் அதன் முழு மடங்குகளாக இருக்காது, அதனால்தான் பல தோல் கருவிகளில் ஓசை மட்டும் இருக்கிறது, சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், நடுவே கறுப்பாக இடும் சோறு அந்த இடத்தின் எடையைக் கூட்டி, மேற்சுரங்களை முழு மடங்குக்கு அருகே கொண்டுவருகிறது. இதை ஆராய்ந்து 1920இல் நேச்சர் இதழில் எழுதியவர்களில் ஒருவர் சி.வி. ராமன். காவிரிக் கரைத் திருவானைக்காவலில் 1888இல் பிறந்தவர். கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அலைகள் பாடத்தில் பாதி விஷயம் காதுக்கு முன்பே தெரியும்.

ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் விரிவுரைகளைப் பலர் பரிந்துரைப்பார்கள். அருமையானவை. ஆனால் ஏற்கெனவே ஒரு முறை இயக்கவியல் படித்தவர்களுக்குத்தான் அவற்றின் ருசி தெரியும். இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வழியில் படித்தேன். ஆங்கில விரிவுரை பிடிபடுமா?

பிடிபடும். இயற்பியல் விரிவுரையில் வரும் ஆங்கிலம் சின்னது. அதே நூறு, நூற்றைம்பது சொற்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பத்தி போட்டு, மொமென்டம் – உந்தம், டார்க் – திருப்பு விசை, இனெர்ஷியா – நிலைமம் என்று எழுதிக்கொண்டே போங்கள். அரசுப் பாடப்புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கம் வைத்தால் இந்தப் பட்டியல் தானாக வந்துவிடும். விரிவுரைக்கு வசன வரி (சப்டைட்டில்) இருக்கும், போட்டுவிடுங்கள். என்பிடெல் சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் தருகிறது.

உச்சரிப்புதான் முதலில் இடிக்கும். வங்காளத்துப் பேராசிரியர் ஒரு மாதிரி பேசுவார், பஞ்சாபுக்காரர் வேறு மாதிரி. இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

ஜூலையா, ஜனவரியா? எந்தப் பருவத்தில் சேர்வது?

ஆண்டுக்கு இரண்டு பருவம். ஜூலையில் தொடங்கும் பாடத்துக்கு அக்டோபர், நவம்பர் வாக்கில் தேர்வு. ஜனவரியில் தொடங்குவதற்கு ஏப்ரல், மே.

நம் பகுதியில் இருப்பவர்களுக்கு, அதுவும் விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு, முதல் முறை ஜனவரிதான் நல்லது என்பேன். ஜூலைப் பருவத்தின் கடைசி வாரங்களில் தீபாவளி வரும், வடகிழக்குப் பருவமழை வரும், சம்பா வயலில் வேலை இருக்கும். புயல் வந்தால் கேட்கவே வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு எத்தனை ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். ஜனவரியில் பொங்கலும் சம்பா அறுவடையும் முதல் சில வாரத்தைத் தின்னும், உண்மைதான். ஆனால் அறுவடை முடிந்து உளுந்து, பயறு நிற்கும் மாதங்களில் கொஞ்சம் கை ஓயும்; பாடம் கடினமாகிற நேரமும் அதுதான்.

கல்லூரியில் படிப்பவர்கள் இதோடு தங்கள் செமஸ்டர் தேர்வுத் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் மோதினால் யாரும் தள்ளி வைக்கமாட்டார்கள்.

செல்போன் மட்டும் போதுமா?

விரிவுரைக்குப் போதும். 480பி தரத்தில் பார்த்தாலே பலகையில் எழுதியது தெரியும், டேட்டாவும் மிஞ்சும். சிக்னல் இருக்கும்போது அந்த வாரத்துப் பாடங்களை ஆஃப்லைனில் சேமித்துவிடுங்கள். அசைன்மென்ட்டை மட்டும் முடிந்தால் கணினியில் போடுங்கள், கல்லூரி லேபோ நூலகமோ எதுவானாலும் சரி. சின்னத் திரையில் கீழ்க்குறியீடும் அடுக்கும் தப்பாகத் தெரிந்து மார்க் போவது நிறைய நடக்கிறது.

வீடியோவை எப்படிப் பார்ப்பது? பார்க்கும்போது புரிகிறது, கணக்குப் போட்டால் வரவில்லை.

ஆன்லைன் இயற்பியலின் நோய் இது. வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள்.

நல்ல ஆசிரியர் நடத்தினால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். அந்தப் புரிதல் அவருடையது. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சுமார் 30 மணி நேர வீடியோ இருக்கும், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான் ஆகிறது. அதைப் பார்த்து முடித்துவிட்டு 'இந்த வாரம் படித்தாயிற்று' என்று நினைப்பவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள். வீடியோவுக்கு இரண்டரை மணி என்றால் நோட்டுக்கு ஐந்து மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

எப்படி என்றால், ஆசிரியர் ஒரு சமன்பாட்டைத் தருவிக்கத் தொடங்கும்போது நிறுத்துங்கள். அடுத்த வரி என்ன வரும் என்று நீங்களே எழுதுங்கள். வரவில்லையா? ஐந்து நிமிடம் பாருங்கள், பிறகு ஓடவிட்டு அவர் எழுதுவதைப் பாருங்கள். மறுபடி நிறுத்துங்கள். அரை மணி நேர விரிவுரை இப்படிப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு இரண்டு தடவை பார்ப்பதால் எந்தப் பயனும் இல்லை.

மறுநாள் காலையில் நோட்டைத் திறக்காமல் அந்தத் தருவிப்பை வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை. அந்த இடத்தை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும்.

கணக்கு எழுதும்போது படம் முதலில். எந்தத் திசை நேர், எந்தத் திசை எதிர் என்று அம்புக்குறி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எண்களைக் கடைசி வரியில்தான் போட வேண்டும்; அதுவரை குறியீடுகளிலேயே போங்கள். விடை வந்ததும் அலகு சரியா, அளவு நம்பும்படி இருக்கிறதா என்று பாருங்கள். உதாரணத்துக்கு, 5 குதிரைத்திறன் மோட்டார், 20 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் இறைக்கிறது, செயல்திறன் பாதி என்று வைத்துக்கொள்வோம். 5 குதிரைத்திறன் என்பது 3,730 வாட். பாதியை 9.8ஆலும் 20ஆலும் வகுத்தால் வினாடிக்கு ஒன்பதரை லிட்டர் வரும். போர்செட் ஓடுவதைப் பார்த்த யாருக்கும் இது நம்பும்படியான அளவுதான். விடை 950 லிட்டர் என்று வந்தால் பிழை எங்கோ இருக்கிறது என்று கால்குலேட்டருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

கால்குலேட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது: அலைவு, கோணம் சம்பந்தப்பட்ட கணக்கில் அது ரேடியனில் இருக்கிறதா, டிகிரியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

அசைன்மென்ட்டுக்கு விடை வாட்ஸ்ஆப் குரூப்பில் வருகிறது. சாட்ஜிபிடியும் போட்டுத் தருகிறது. எழுதிவிடலாமா?

எழுதலாம், 25 மதிப்பெண்ணுக்கு. மீதி 75 தேர்வுக்கூடத்தில், தனியாக உட்கார்ந்து. இதற்கு மேல் அறிவுரை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஏஐ கருவியைப் பயன்படுத்த நல்ல வழி ஒன்று உண்டு. நீங்கள் முழுதாகப் போட்ட பிறகு, 'என் மூன்றாம் வரியில் என்ன தவறு' என்று கேளுங்கள். அது சொல்வதையும் சரிபாருங்கள். கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டுவிட்டு மிக உறுதியான குரலில் பேசும்.

ஆய்வகம் இல்லாமல் இயற்பியலா?

நியாயமான சந்தேகம். இந்தப் பாடங்களில் பெரும்பாலானவற்றில் செய்முறை கிடையாது. அதனால் நாமே கொஞ்சம் செய்துகொள்ள வேண்டும்.

பழைய வீடுகளில் கூடத்து ஊஞ்சல் இருக்கும். உட்காரும் பலகை வரை சங்கிலி இரண்டு மீட்டர் என்றால், தனி ஊசல் கணக்குப்படி ஒரு முழு ஆட்டத்துக்கு 2.8 வினாடி ஆக வேண்டும். காலியாக ஆடவிட்டு இருபது ஆட்டத்துக்கு நேரம் பாருங்கள். பிறகு குழந்தையை உட்காரவைத்து, அப்புறம் பெரியவர் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். எடை கூடினால் மெதுவாக ஆடும் என்று வீட்டில் எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். நேரம் ஏறக்குறைய அதேதான் வரும். இருக்கும் சின்ன வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? உட்கார்ந்தவரின் புவியீர்ப்பு மையம் பலகைக்கு மேலே இருக்கிறது, ஊசலின் நீளம் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. இதை நீங்களே கண்டுபிடித்தால் அந்த வாரத்துப் பாடம் முடிந்தது.

செல்போனில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவானது. போனுக்குள் இருக்கும் முடுக்கமானி, காந்தமானி, மைக் எல்லாவற்றையும் அளவுகோலாக மாற்றித் தரும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனைப் பயிற்சிகளும் இலவசம்.

தேர்வு, கட்டணம், மதிப்பெண் எப்படி?

என்பிடெல் தேர்வுக் கட்டணம் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய், சில பிரிவினருக்குச் சலுகை உண்டு. தேர்வு நேரில்தான், கணினி மையத்தில். ஊரைப் பதிவின்போதே தேர்ந்தெடுக்க வேண்டும், இடம் நிரம்பும் முன் பதியுங்கள். அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியாக வாங்கினால்தான் சான்றிதழ். பன்னிரண்டு வாரப் பாடத்தில் உங்கள் சிறந்த எட்டு அசைன்மென்ட்டுகளைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

என் கல்லூரி இதைக் கிரெடிட்டாக ஏற்குமா?

பல்கலைக்கழக மானியக் குழு விதி இடம் தருகிறது. ஒரு பட்டப்படிப்பின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயத்தில் படிக்கலாம் என்கிறது. ஆனால் எந்தப் பாடம், எத்தனை கிரெடிட் என்று முடிவு செய்வது உங்கள் கல்லூரியும் பல்கலைக்கழகமும். துறைத் தலைவரிடம் சேர்வதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். முடித்த பிறகு கேட்டால் அலைய விடுவார்கள்.

மூன்று வாரம் விட்டுப்போயிற்று. விட்டுவிடலாமா?

எட்டு அசைன்மென்ட் கணக்கு இருக்கிறதே, நான்கு போனாலும் பாதகமில்லை. விட்டுப்போன முதல் வாரத்திலிருந்து வரிசையாகப் பிடிக்கப் போகாதீர்கள், எப்போதும் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும். நடக்கிற வாரத்தில் சேர்ந்துகொண்டு, அதற்குத் தேவைப்படும் பழைய வீடியோவை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாருங்கள்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சேரலாமா?

வயது வரம்பே கிடையாது. சேருங்கள்.

பெயர் பதிந்துவிட்டேன். பாடம் தொடங்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இப்போது என்ன செய்ய?

பாடத்தின் அறிமுக வீடியோவையும் வாரவாரியான பாடத்திட்டத்தையும் பாருங்கள். இருநூறு பக்கக் கோடு போடாத நோட்டு ஒன்று வாங்குங்கள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து வெக்டரில் பத்துக் கணக்கு, வகையீட்டில் இருபது கணக்கு, விடையைப் பார்க்காமல். அசைன்மென்ட் கடைசி நாள் பெரும்பாலும் புதன்கிழமை நள்ளிரவு வரும். செவ்வாய்க்கிழமை மாலையே உங்கள் கடைசி நாள் என்று போனில் அலாரம் வைத்துவிடுங்கள், புதன் இரவு கரண்ட் போனாலும் கவலை இருக்காது.

கூடப் படிக்க ஒருவர் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை, மன்னார்குடியும் கும்பகோணமும் போனில் பக்கம்தான். வாரம் ஒரு முறை ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் திருத்த வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம்.